மெய்யில் எழுதிய நோன்பு

உடலிற் பச்சை குத்திக்கொள்ளுதல் பல நாட்டினர்க்கும் உரிய பழைய வழக்கமாகும். அழகு கருதியும், குலங் குடி விளங்கவும் அதனைச் செய்வாருளர். சயாம் என முன்னர் வழங்கிய தாய்லாந்து நாட்டுப் பௌத்தரிடையே அது சமயச் சடங்காகவும் நிகழ்கின்றது. அதனை அவர்கள் ‘சக் யந்த்’ என்பர். ‘சக்’ என்பது குத்துதல். ‘யந்த்’ என்பது யந்திரம் என்னும் வடசொல்லின் திரிபு.

குத்தும் குரு துறவியாகவேனும் இல்லறத்தாராகவேனும் இருப்பர். மை தோய்த்த நீண்ட மூங்கிற்கோலினாலேனும் எஃகுக் கோலினாலேனும் தோலிற் குத்தி, பாலி மந்திரம் ஓதி ஊதுவர். யந்திரத்தில் அமைவன ‘கோம்’ எனப்படும் பழைய கெமர் எழுத்துக்கள். கெமர் எழுத்தோ தென்னாட்டுப் பல்லவர் காலத்து எழுத்தினின்றும் பிறந்தது. ஆதலின் இவை நமக்கு முற்றும் அயலானவை அல்ல.

இனி, சில வடிவங்களின் பொருளைக் காண்போம். ‘காவ் யொத்’ என்பது ஒன்பது சிகரங்களை உடையது. அவை மேருமலையின் கொடுமுடிகளைக் குறிப்பன. அ, ஸம், வி, ஸு, லோ, பு, ஸ, பு, ப என்னும் ஒன்பது அசைகள் அதற்கு உரியன. புத்தர்பிரானின் ஒன்பது குணங்களைக் கூறும் பாலிச் சொற்களின் முதலசைகளே இவை. ‘அ’ என்பது மாசு நீங்கிய அருகன் என்பதனையும், ‘லோ’ என்பது உலகினை உணர்ந்தோன் என்பதனையும் குறிக்கும். ‘பேத் தித்’ என்பது எண்டிசையினும் காவல் வேண்டி வரையப்படுவது. சிகரங்களின்மேல் சுருண்டெழுந்து நேர்கோடாய் முடியும் குறி ‘உனலோம்’ எனப்படும். சுருள், பிறவிச் சுழலில் அலையும் மனம். நேர்கோடு, தெளிந்த ஞானம்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பௌத்தம் உடலின் நிலையாமையைப் போதிப்பது. பிரமஜால சுத்தம் மந்திர வித்தைகளால் பிழைத்தலைத் துறவிகட்கு இழிதொழில் என விலக்குகின்றது. அங்ஙனமாக, படைக்கலம் தீண்டாது காக்கும் என நம்பிக் குத்தும் யந்திரம் அவ்வறத்தோடு எங்ஙனம் பொருந்தும்?

விடை, குரு விதிக்கும் நியமத்தில் உளது. கொலை, களவு, முறையில் காமம், பொய், கள் ஆகிய ஐந்தனையும் விலக்குதல் வேண்டும். பெற்றோரை இகழ்தலும் ஆகாது. நியமம் பிழைப்பின் யந்திரத்தின் ஆற்றல் அகலும் என்பர். மைக்கு மாறாக எண்ணெய் கொண்டு குத்துவாரும் உளர்; அவ்வடிவம் பிறர் கண்ணுக்குப் புலப்படாது. நக்கோன் பத்தோம் மாகாணத்து ‘வாத் பாங் பிரா’ விகாரையில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்திற் பல்லோர் திரண்டு, குருவணக்கஞ் செய்து அவ்வாற்றலைப் புதுப்பித்துக்கொள்கின்றனர். மை ஒருமுறை குத்தினால் நிற்கும்; நோன்போ மீண்டும் மீண்டும் மேற்கொள்ளற்பாலது.

இதனால் ஐயம் முற்றும் நீங்கிற்று எனல் இயலாது. அங்குச் செல்வோருட் பலர் நாடுவது காவலே. ஆயினும் அக்காவலுக்கு விலையாக அறவொழுக்கத்தை வைத்தனர் அந்நாட்டுப் பெரியோர். அச்சத்தால் வந்தவனையும் அறத்தின்பால் திருப்பும் இவ்வுபாயமே இவ்வோவியங்களின் உட்பொருளாம். ஒழுக்கத்தை விடுத்து ஓவியத்தை மட்டும் கொள்வோன், பெற்றது தோலின்மேல் மையே.