ஹவாய்த் தீவுகளின் பழ ஈக்கள்

பொதுவாகப் பழ ஈ எனப்படும் பூச்சிகள் இரண்டு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. டெஃப்ரிடிடே குடும்பத்து ஈக்களில் பயிர்ப் பகைகளாக அறியப்பட்டவை, செடியிலிருக்கும் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகின்றன. டிரோசோபிலிடே குடும்பத்துச் சிற்றீக்களோ பெரும்பாலும் அழுகி நொதிக்கும் பழம், மரப்பட்டை, இலை, காளான் ஆகியவற்றில் வளர்கின்றன. இவ்விரு குடும்பங்களும் தத்தம் வாழிடங்களில் எவ்வாறு நிலைகொண்டுள்ளன என்பதை ஒருசேரக் காண்பதற்குப் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளைவிடப் பொருத்தமான களம் அரிது.

அங்குள்ள தோட்டங்களைப் பாழாக்கும் நான்கு டெஃப்ரிடிடே இனங்களும் வெளியிலிருந்து வந்தவையே. பூசணிக் குடும்பத்துக் காய்களைத் தாக்கும் ஈ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், மத்திய தரைக்கடல் பழ ஈ 1910ஆம் ஆண்டளவிலும், கீழைப் பழ ஈ 1940களின் நடுப்பகுதியிலும், கத்தரி, மிளகாய் முதலியவற்றை நாடும் நான்காம் இனம் 1983இலும் கண்டறியப்பட்டன. இவற்றுள் கீழைப் பழ ஈயின் வருகையே பெரும் விளைவை உண்டாக்கியது. 300க்கும் மேற்பட்ட தாவரங்களின் கனிகளில் வளரவல்ல இந்த ஈ, தனக்கு முன்பே அங்கு பரவியிருந்த மத்திய தரைக்கடல் பழ ஈயைத் தாழ்நிலப் பழத்தோட்டங்களிலிருந்து பெரும்பாலும் அகற்றிவிட்டது. ஒரே பழத்துக்குள் இரு இனப் புழுக்களும் வளரும்போது மத்திய தரைக்கடல் பழ ஈயின் புழுக்கள் போட்டியில் தோற்பது இதற்கு ஒரு காரணமாகும். அவ்வாறு விரட்டப்பட்ட இனம் அடியோடு அழியாமல், குளிர்ச்சியான மேட்டுநிலங்களிலும், தனக்கு மிகவும் ஏற்ற காப்பிப் பழங்களிலும் தஞ்சம் புகுந்து இன்றும் வாழ்கிறது.

பூசணி ஈயை ஒடுக்குவதற்காக 1916இல் இந்தியாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி ஹவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டது. கீழைப் பழ ஈக்கு எதிராகப் பிற்காலத்தில் நிலைநிறுத்தப்பட்ட மற்றொரு குளவி, பழத்துக்குள் ஈ இட்டுச் சென்ற முட்டையைத் தேடி அதனுள் தன் முட்டையை வைக்கிறது. ஈயின் புழு வளர்ந்து கூட்டுப்புழுவான பின்னர் அதிலிருந்து ஈக்கு மாறாகக் குளவியே வெளிவருகிறது. இந்த உறவைப் பயன்படுத்தி உருவாக்கப்பட்ட வலைக்கூடாரம் போற்றத்தக்க எளிய கருவியாகும். உதிர்ந்து புழுவைத்த பழங்களை அதனுள் கொட்டி மூடினால், சிறிய குளவிகள் வலைக்கண் வழியே வெளியேறித் தோட்டத்துக்குத் திரும்புகின்றன. பருத்த ஈக்கள் உள்ளேயே சிக்கி மடிகின்றன.

தாழ்நிலத்தைவிட்டு மேலேறி ஈரக் காடுகளுக்குள் சென்றால் முற்றிலும் வேறான உலகம் எதிர்ப்படுகிறது. ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு மூதாதையிலிருந்து கிளைத்த டிரோசோபிலிடே இனங்களில் 500க்கும் மேற்பட்டவை விவரிக்கப்பட்டுள்ளன. அவை உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதவை. ஹவாய்ப் பெருந்தீவில் மட்டும் வாழும் டிரோசோபிலா ஹெட்டிரோநியூரா இனத்தின் ஆண் ஈக்குத் தலை சுத்தியல்போல் இருபுறமும் அகன்றிருக்கும். தனக்குரிய சிற்றிடத்துக்குள் மற்றோர் ஆண் நுழைந்தால், இரண்டும் தலையோடு தலை பொருத்தித் தள்ளி வலிமையைச் சோதிக்கின்றன. இதன் புழுக்கள் முதன்மையாகக் கிளெர்மோன்டியா எனும் தாவரத்தின் அழுகும் பட்டையையே நம்பியிருப்பதால், அத்தாவரம் குறையும் இடத்தில் ஈயும் நிலைக்க இயலாது.

வந்தேறி ஈக்குப் பலமாக அமைவது எதையும் உணவாக்கும் இயல்பு. நாட்டு ஈக்கு ஆபத்தாக முடிவதோ பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்துகொண்ட ஒரு சில தாவரங்களோடு கொண்ட பிணைப்பு. காட்டில் திரியும் பன்றிகள் அத்தாவரங்களைத் தின்றும் மிதித்தும் அழிக்கின்றன. அயல்நாட்டு மஞ்சள் குளவிகள் ஈக்களையே வேட்டையாடுகின்றன. இக்காரணங்களால் 2006இல் அமெரிக்க அரசு ஹவாயின் 12 டிரோசோபிலா இனங்களைச் சட்டப் பாதுகாப்புக்குரியனவாக அறிவித்தது. பயிரழிக்கும் ஈக்களுக்குச் செலவிடப்படும் கவனத்தில் ஒரு சிறு பங்கேனும் இவற்றுக்குக் கிட்ட வேண்டும். எஞ்சியுள்ள காடுகளுக்கு வேலியிட்டுப் பன்றிகளை வெளியேற்றுவதே அதற்கான முதற்பணியாகும்.