இரத்தப் புற்றுநோயும் கண்ணுக்குத் தெரியாத காளானும்



இரத்தப் புற்றுநோய் வார்டுக்கு நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் அநேகமாய்க் கேட்கும் கேள்விகள் சில உண்டு. "பூங்கொத்தை ஏன் வெளியே வைக்கச் சொல்கிறீர்கள்? பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக்கூட விடமாட்டீர்களா? லேசான காய்ச்சலுக்கு ஏன் இத்தனை பரபரப்பு?" அன்போடு கொண்டு வந்ததைத் திருப்பிக் கொடுப்பது இரு தரப்பாருக்கும் மனவருத்தமான காரியம். ஆனால் இந்தக் கட்டுப்பாடுகள் வெறும் கெடுபிடி அல்ல. இவற்றின் வேர் 1960-களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு பொறுமையான ஆராய்ச்சியில் இருக்கிறது. அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஜெரால்ட் போடி. இந்த இதழில் அவருடைய பணியைக் குறித்துச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

இரத்தத்தின் காவலர்கள்

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்த அணுக்களை உண்டாக்கும் தொழிற்சாலை. சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்கின்றன. தட்டணுக்கள் இரத்தக் கசிவை அடைக்கின்றன. வெள்ளணுக்கள் கிருமிகளை எதிர்த்து நிற்கின்றன. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்பது ஒரு வகை. உள்ளே நுழையும் பாக்டீரியாவையும் காளானையும் முதலில் ஓடிப்போய் விழுங்குவது இதுதான். இதன் ஆயுள் மிகக் குறைவு. ஆகையால் ஆரோக்கியமான மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,500-க்கு மேல் இருந்தால் கவலையில்லை.

கடுமையான இரத்தப் புற்றுநோயில் மஜ்ஜையை நோய் அணுக்கள் அடைத்துக்கொள்கின்றன. நல்ல அணுக்கள் பிறக்க இடமில்லை. நோயை அழிக்கக் கொடுக்கும் கீமோதெரபியோ களையோடு சேர்த்துப் பயிரையும் கருக்கிவிடுகிறது. மஜ்ஜை மீண்டும் துளிர்க்க மூன்று, நான்கு வாரங்கள்கூட ஆகலாம். அந்த நாட்களில் நோயாளியின் உடல் காவலாளி இல்லாத வீடு.

எண்ணிப் பார்த்த மருத்துவர்

1950-களில் இந்நோயாளிகளில் பலர் இரத்தப்போக்கினால் மரித்தார்கள். மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவிலுள்ள தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் டாக்டர் எமில் ஃப்ரைரைக்கும் அவருடைய குழுவினரும் தட்டணுக்களைப் பிரித்தெடுத்து ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். இரத்தப்போக்கினால் நேரும் மரணங்கள் குறைந்தன. பின்பு மருத்துவர்கள் 1954 முதல் 1963 வரை பத்து ஆண்டுகளில் மரித்த 414 நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். இந்த ஆய்வு 1965-இல் வெளியானது. போடியும் இதில் பங்கு பெற்றார். புதிய ஆன்டிபயாடிக் மருந்துகளால் சில பாக்டீரியாத் தொற்றுகள் அடங்கியிருந்தன. ஆனால் பூஞ்சைக் காளானால் வரும் மரணங்கள் கூடியிருந்தன. ஒரு வாசலை அடைத்தபோது எதிரி மறுவாசல் வழியாய் வந்துவிட்டான்.

யாருக்கு, எப்போது இந்த ஆபத்து வருகிறது? இதற்கு விடை தேடி போடியும் உடன் ஊழியர்களும் 52 நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை எண்ணிக்கைகளையும், அவர்களுக்கு வந்த தொற்றுகளையும் பக்கத்தில் பக்கமாய் வைத்து ஒப்பிட்டார்கள். 1966-இல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அது சொன்னது எளிய உண்மை: எண்ணிக்கை 1,000-க்குக் கீழே இறங்கும்போது தொற்று கூடத் தொடங்குகிறது, 500-க்குக் கீழே இன்னும் கூடுகிறது, 100-க்குக் கீழே மிக அதிகம். இரண்டாவது உண்மை: எவ்வளவு கீழே போகிறது என்பதைப் போலவே, எத்தனை நாள் கீழே கிடக்கிறது என்பதும் முக்கியம். எண்ணிக்கை மறுபடியும் ஏறத் தொடங்கியவர்களே தொற்றிலிருந்து மீளும் வாய்ப்பு அதிகம் பெற்றவர்கள்.

இப்போது நமக்கு இது சாதாரணமாய்த் தோன்றலாம். அதுவரை தொற்று எப்போது தாக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாரிடமும் தெளிவான அளவுகோல் இல்லை. ஒரு துளி இரத்தத்தை எண்ணினால் ஆபத்தின் அளவு தெரியும் என்று ஆனபின், ஆபத்து வருமுன் காக்கவும் வழி பிறந்தது. அதே 1966-இல் போடி இரத்தப் புற்றுநோயாளிகளின் பூஞ்சைத் தொற்றுகளைப் பற்றித் தனியாகவும் எழுதினார். பிற்பாடு ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் நெடுங்காலம் இப்பணியைத் தொடர்ந்தார்.

காற்றில் வரும் விதை

இந்தக் காளான் எங்கிருந்து வருகிறது? நம் உடலிலிருந்தும், நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்துமே. கேண்டிடா என்னும் வகை நம் வாயிலும் குடலிலும் சாதுவாய் வாழ்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் என்னும் வகை மண்ணிலும், மக்கும் இலைகளிலும், பழைய சுவரிலும் வளர்ந்து நுண்ணிய விதைகளைக் காற்றில் விடுகிறது. ஒரு விதை 2 அல்லது 3 மைக்ரான், அதாவது தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. நாம் எல்லாரும் தினமும் இவற்றைச் சுவாசிக்கிறோம். நம் காவலணுக்கள் நாம் அறியாமலே அவற்றை அழித்துவிடுகின்றன.

இதற்குப் பெயரிட்டவர் இத்தாலிய நாட்டுக் குருவும் தாவர அறிஞருமான பியேர் அந்தோனியோ மிக்கேலி. 1729-இல் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாய்ப் பார்த்தபோது, ஆலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போல இது அவருக்குத் தோன்றியது. அக்கருவியின் லத்தீன் பெயரிலிருந்தே அஸ்பெர்ஜில்லஸ் என்ற பெயர் வந்தது. பெயர் பரிசுத்தமானதுதான். ஆனால் காவலணு இல்லாத நுரையீரலில் இது இரத்தக் குழாய்களைத் துளைத்துப் பரவிவிடும்.

2021-இல் கொரோனாவின்போது நம் நாட்டில் அநேகரைத் தாக்கிய கறுப்புப் பூஞ்சையை நினைவுகூருங்கள். அது வேறு வகைக் காளான். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்துகளும் உடலின் காவலைக் குறைத்திருந்தவர்களையே அது பெரும்பாலும் பிடித்தது. அடிப்படைக் காரியம் ஒன்றே.

மருந்துகள் வந்த வழி

காளானுக்கு எதிரான நல்ல மருந்தாகிய நிஸ்டாட்டினை எலிசபெத் ஹேசன், ரேச்சல் ப்ரவுன் என்னும் இரு பெண்மணிகள் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணிபுரிந்தபோது கண்டுபிடித்து 1950-இல் அறிவித்தார்கள். வர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணையின் மண்ணிலிருந்து அது கிடைத்தது. ரேச்சல் ப்ரவுன் எளிய குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத்துக்குத் தெரிந்த ஓர் அம்மையார் பணம் கொடுத்துக் கல்லூரியில் படிக்க வைத்தார். மருந்தின் காப்புரிமையால் வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையில் அவ்விருவரும் தங்களுக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல், அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் செலுத்திய கல்லூரிக் கட்டணம் எவ்வளவு தூரம் பலன் தந்தது, பாருங்கள்!

ஆனால் நிஸ்டாட்டின் வாய்க்கும் தோலுக்கும்தான் உதவும். இரத்தத்தில் ஏற்ற முடியாது. தென் அமெரிக்காவின் ஒரினோகோ நதிக்கரை மண்ணிலிருந்து 1950-களில் கிடைத்த ஆம்ஃபோடெரிசின்-பி அந்தக் குறையைத் தீர்த்தது. அது உயிரைக் காத்தது. கூடவே குளிர் நடுக்கத்தையும், காய்ச்சலையும், சிறுநீரகக் கேட்டையும் தந்தது. ஆகையால் காளான் இருப்பது நிச்சயமாகட்டும் என்று மருத்துவர்கள் காத்திருந்தார்கள். பல சமயம் பிரேதப் பரிசோதனையில்தான் அது நிச்சயமாயிற்று. 1982-இல் டாக்டர் பிலிப் பிட்சோவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்தை மாற்றியது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் ஏழு நாள் காய்ச்சல் விடாத 50 நோயாளிகளில், நிரூபணத்துக்குக் காத்திராமல் இம்மருந்தைப் பெற்றவர்களுக்குக் காளான் தொற்று குறைவாகவே வந்தது.

பின்பு மருந்துகள் மேம்பட்டன. 2002-இல் வெளியான ஆய்வில், அஸ்பெர்ஜில்லஸ் தாக்கியவர்களில் வோரிகோனசோல் பெற்றவர்களில் 100-க்கு ஏறக்குறைய 71 பேர் பன்னிரண்டு வாரம் கடந்தும் உயிரோடிருந்தார்கள். பழைய மருந்தில் 58 பேர். முன்னேற்றம் மெய்தான். மீதி 29 பேரையும் மறக்கக்கூடாது. இப்போது சில காளான்கள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் முதன்முறையாக ஆபத்தான காளான்களின் பட்டியலை வெளியிட்டது. அதிலுள்ள 19-இல் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் முதல் வரிசையில் நிற்கிறது.

நாம் கவனிக்க வேண்டியவை

போடியின் கணக்கு தெரிந்தால் வார்டின் விதிகள் எல்லாம் விளங்கும். பூச்சாடித் தண்ணீரிலும் தொட்டி மண்ணிலும் கிருமியும் காளானும் வளரும்; ஆகவே பூவும் செடியும் வேண்டாம். பக்கத்தில் சுவரை இடித்தாலோ கட்டடம் கட்டினாலோ தூசியோடு காளான் விதைகளும் பறக்கும். ஆகவே கதவும் ஜன்னலும் மூடியிருக்கும். மஜ்ஜை மாற்று அறைகளில் காற்றையே வடிகட்டி அனுப்புகிறார்கள். பழங்களைப் பொறுத்தவரை, முன்போல் அத்தனை கடுமை தேவையில்லை என்று அண்மை ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. நன்றாய்க் கழுவுவதே முக்கியம். ஆகையால் அந்தந்த மருத்துவமனையின் விதியைக் கேட்டு நடவுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கட்டிலருகே போகாதிருங்கள். சளி, இருமல் இருந்தால் வீட்டிலிருந்தே ஜெபியுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிது காய்ச்சல். கீமோதெரபி பெற்று வீடு திரும்பியவருக்கு இரவில் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், "பாராசிட்டமால் ஒன்று போட்டுப் படு, காலையில் பார்ப்போம்" என்று சொல்லிவிடாதிருங்கள். அந்த மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றை மறைக்காது. எண்ணிக்கை குறைந்த உடலில் சீழ் கட்டாது, வீக்கம் தெரியாது. காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை மணி. மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் ஏற்றப்பட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ விதி. ஊர் தூரமானால் வண்டிக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது, அந்த இராத்திரியில் ஒரு சபை செய்யக்கூடிய பெரிய உதவி.

வார்டில் பெற்றோர் ஒருவரையொருவர் "இன்றைக்குக் கவுண்ட் எவ்வளவு?" என்றுதான் விசாரித்துக்கொள்வார்கள். 80 என்ற எண் 200 ஆகி, 200 என்பது 600 ஆகும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வெளிச்சத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் சபையில் இந்நோயோடு போராடும் குடும்பம் இருந்தால், அந்த எண்ணைக் கேட்டு அறிந்து, அது ஏறும்படி பெயர் சொல்லி ஜெபியுங்கள்.