உப்பு எதுன்னு மீட்டர் சொல்லாது



வீட்டு சென்சார்கள் பற்றிய எபிசோடில் டிடிஎஸ் மீட்டர் பேச்சு வந்தப்போ, "அதை நம்பித்தான் என் மீன் தொட்டி போச்சு, தனியா எழுதுறேன்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அந்தக் கதைதான் இது. மீன் வளர்க்காதவங்களும் படிக்கலாம். பாதிக் கதை ஒரு கருவியை எப்படிப் படிக்கக்கூடாது என்பது.

ஜனவரி மாதம், புரோசார்டில் வெளியே மைனஸ் 20. கடையில் வாங்கிய நியான் டெட்ரா மீன்களைப் பையோடு ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தும் குளிர் தாக்கிவிட்டது. நாலாம் நாள், மேலெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மீன் வளர்ப்பவர்கள் 'இக்' என்று சொல்லும் ஒட்டுண்ணி. புது மீனோடு வந்து, மீன் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பெருகும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் நின்று பழகியவன் நான். அங்கே எதுக்கும் முதல் மருந்து, "ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்க சார்!" நானும் உப்பு டப்பாவை எடுத்தேன்.

தொட்டியில் தண்ணீர் சுமார் 60 லிட்டர். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 60 கிராம் கரைத்து ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன் மீட்டர் 150 காட்டியது. இங்கே குழாயில் வருவது செயின்ட் லாரன்ஸ் ஆற்றுத் தண்ணீர், அதற்கு இது சாதாரண எண்தான். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 115.

உப்பு போட்டா எண் குறையுமா? 'பேட்டரி வீக், உப்பும் சரியா கரையல' என்று நானே முடிவு செய்து இன்னொரு 60 கிராம் போட்டேன். இப்போ 210. அப்பாடா, ஏறிடுச்சு! அதோடு நிற்கவில்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும், தொட்டித் தண்ணீர் வேகமாக ஆவியாகும். குறைந்த தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் 'அளவு குறையக்கூடாதே' என்று வாளிக்கு 30 கிராம் உப்பையும் சேர்த்தே ஊற்றினேன். நாலு வாளி. வெள்ளைப் புள்ளிகள் போய்விட்டன. ஆனால் கபோம்பா செடி கூழாகிவிட்டது, குட்டி நத்தைகள் ஓட்டைவிட்டு வெளியே தலைநீட்டவில்லை, இரண்டு வாரத்தில் எட்டு டெட்ராவில் ஐந்து போய்விட்டன. மீட்டரில் 390. 'நானூறுகூட இல்லையே!'

மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, மூலையில சின்னதா ×10னு இருக்கே, அது என்ன?"

இந்த மலிவு மீட்டர்கள் பலவற்றில் மூன்று இலக்கங்கள்தான் தெரியும். 999-ஐத் தாண்டினால் ×10 குறி வரும். அன்று நான் பார்த்த 115 உண்மையில் 1150. 210 என்பது 2100. கடைசியில் தொட்டியில் இருந்தது லிட்டருக்கு 4 கிராம் உப்பு. மீட்டர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது தப்பு அதைவிட அடிப்படையானது: உப்பு ஆவியாகாது. தண்ணீர் மட்டும்தான் போகும், போட்ட உப்பு முழுக்கத் தொட்டியிலேயே நிற்கும். ஆவியான அளவுக்கு வெறும் தண்ணீர்தான் (குளோரின் நீக்கியது) ஊற்ற வேண்டும். தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும்தான் எடுத்த அளவுக்கு உப்பு சேர்க்கணும். தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிற அதே வேலையைத்தான் நான் ஹாலில் நடத்திக்கொண்டிருந்தேன்.

சரி, மீட்டர் எதை அளக்கிறது? உப்பை இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை அளந்து, உள்ளே வைத்திருக்கும் ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டரில் அந்த எண் 0.5, சிலதில் 0.7. லிட்டருக்கு 1 கிராம் சாதா உப்பு கரைத்தால் கடத்துதிறன் ஏறக்குறைய 2000 மைக்ரோசீமென்ஸ் கூடும். ஒரு மீட்டர் 1000 ஏறியதாகவும் இன்னொன்று 1400 ஏறியதாகவும் சொல்லும். இரண்டும் சரி. எந்த உப்பு என்பதை இரண்டுமே சொல்லாது. அதை நாம்தான் பையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளணும்.

கியூபெக்கில் பைகளில் முதலில் கண்ணில் படுவது பிரெஞ்சு. 'செல்' என்று ஆரம்பிக்கும் பை வீட்டிலேயே ஐந்தாறு இருக்கும். சமையல் கடல் உப்பு, ஊறுகாய் உப்பு, இந்துப்பு, கடையில் 'மீன் தொட்டி உப்பு' என்று விலை கூட்டி விற்பது எல்லாமே கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. விலை வித்தியாசம் பெரும்பாலும் அட்டைப்பெட்டிக்குத்தான். மேசை உப்பில் அயோடின் இருக்கே, மீனைக் கொன்னுடாதா என்று கேட்பார்கள். கனடாவில் மேசை உப்பில் பொட்டாசியம் அயோடைடு 0.01 சதவீதம் சேர்க்கிறார்கள். லிட்டருக்கு 1 கிராம் போட்டால் அதிலிருந்து வரும் அயோடின் சுமார் 76 மைக்ரோகிராம். கடல் நீரில் இயல்பாகவே 60-ஐ ஒட்டி இருக்கிறது. இந்த அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது கரண்டிக்கு. ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம், தட்டையாகப் பொரிந்திருக்கும் கோஷர் உப்பு சிலது அதில் பாதிகூட வராது. கேலனிலும் வம்பு இருக்கு: அமெரிக்க கேலன் 3.8 லிட்டர், கனடாவில் பழைய ஆட்கள் பேசும் இம்பீரியல் கேலன் 4.5. கிராம், லிட்டர் இரண்டையும் விட்டு நகராதீங்க. சமையலறைத் தராசு போதும்.

இனி ஆபத்தான பைகள். 'செல் டெப்சம்' என்று மருந்துக்கடையில் விற்பது நம்ம ஊர் பேதி உப்பு, அதாவது மெக்னீசியம் சல்ஃபேட். பார்க்க அதே வெள்ளைக் கல். வயிறு உப்பிய, மலம் கட்டிய மீனுக்குக் குறைந்த அளவில் தருவார்கள். சாதா உப்பு செய்யும் வேலையை இது செய்யாது. கடல்மீன் தொட்டிக்கான கலவையில் கால்சியம், மெக்னீசியம், கார்பனேட் எல்லாம் உண்டு. தண்ணீரின் கடினத்தையும் பி.எச்-ஐயும் ஏற்றிவிடும். தொட்டியில் அம்மோனியா இருந்தால் பி.எச் ஏற ஏற அதன் விஷத்தன்மையும் ஏறும். மோலி மாதிரி மீனுக்குப் பொருந்தும், டெட்ராவுக்கு ஆகாது. தண்ணீர் மென்மையாக்கும் இயந்திரத்துக்கான உப்பு சிலது பொட்டாசியம் குளோரைடு, நன்னீர் உயிர்களுக்குச் சாதா உப்பைவிட அதிக விஷம். கராஜில் பனி உருக்க வைத்திருக்கும் மூட்டையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீங்க. அதில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு, கட்டி தட்டாமல் இருக்கச் சேர்த்த ஃபெர்ரோசயனைடு என எதுவும் இருக்கலாம். கனடா அரசின் 2001 ஆய்வு, சாலை உப்பு நீர்நிலைகளுக்குத் தீங்கு என்றே முடிவு சொன்னது.

உப்பு என்னதான் செய்கிறது? நன்னீர் மீனின் ரத்தம் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்புக்குச் சமமானது, வெளியே இருப்பதோ கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், மீன் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நோய்ப்பட்ட மீனுக்கு இந்த வேலை கனக்கும். கொஞ்சம் உப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது. 'இக்' தோலுக்குள் இருக்கும்போது உப்பு தொடாது, நீந்தி அடுத்த மீனைத் தேடும் கட்டத்தில்தான் தாக்கும். அதனால்தான் புள்ளி மறைந்த அன்றே நிறுத்தாமல் 10 முதல் 14 நாள் வைப்பது. நைட்ரைட் ஏறிய தொட்டியில் உப்பின் குளோரைடு பாகம் செவுளில் நைட்ரைட்டை உள்ளே விடாமல் மறிக்கும். அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளில் நைட்ரைட்டைப் போல் குறைந்தது 10 மடங்கு குளோரைடு வைக்கச் சொல்கிறார்கள். செதில் இல்லாத மீனுக்கு உப்பே ஆகாது என்பவர்கள் இதைக் கவனிக்கணும். கெளுத்திக்குச் செதில் கிடையாது. ஆனாலும் கோரிடோராஸ், லோச் வைத்திருந்தால் பாதி அளவில் தொடங்குவேன்.

நத்தையும் செடியும் ஏன் முதலில் போயின? நன்னீர் உயிர்கள் நீண்ட காலம் தாங்கும் குளோரைடுக்கு கனடாவின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம், குறுகிய காலத்துக்கு 640. லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டாலே குளோரைடு 600-ஐத் தாண்டிவிடும். இந்த அளவுகள் மிக நுணுக்கமான உயிர்களையும் காக்க வைத்தவை, பெரும்பாலான மீன் இதைவிடத் தாங்கும். ஆனால் "சும்மா எப்பவும் கொஞ்சம் உப்பு இருக்கட்டும்" என்ற கொளத்தூர் பழக்கத்தை நான் விட்டதற்கு இதுதான் காரணம். உப்பு மருந்து. நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, முதல் நாளே முழு அளவும் கொட்டாமல் இரண்டு நாளில் பிரித்துப் போடுகிறேன்.

மிஞ்சிய மூன்று டெட்ராவைக் காப்பாற்றியது அவசரப்படாததுதான். உப்பு பழகிய மீனை ஒரேயடியாக நன்னீருக்குக் கொண்டுவந்தால் அதுவும் அதிர்ச்சி. தினம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினேன், ஒரு வாரத்தில் உப்பு பாதிக்கும் கீழே வந்தது, பிறகு இன்னும் இரண்டு வாரம். வழக்கமாக எடுத்த தண்ணீர் ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும். இந்த மூன்று வாரமும் நேராக சிங்க்குக்கு. இங்கே பிப்ரவரியில் ஒரு கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்றுவதே தனி எபிசோட்.

மீட்டரின் முதுகில் இப்போது மகள் ஒட்டிய வெள்ளை டேப் இருக்கிறது. அதில் மார்க்கரில், "அப்பா, மூலையைப் பார்."