விற்று முடியாத பேரம்

வாங்கிய பண்டத்தை விற்று முடித்தவனுக்கு இலாபம் உண்டு; அன்றேல் நட்டம் உண்டு. இவ்விரண்டும் அல்லாத இடைநிலை ஒன்றும் வாணிகத்தில் உளது. வாங்கியாயிற்று, இன்னும் விற்கவில்லை. விலையோ ஏறுவதும் இறங்குவதுமாய் இருக்கின்றது. வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டு, விலையேற்றத்துக்குக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இந்நிலையை நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், வெங்காயம் அழுகத் தொடங்கினால் விற்றேயாக வேண்டும். பங்குப் பத்திரம் அழுகுவதில்லை. ஆகவே அதனை வைத்திருப்போனுடைய காத்திருப்புக்கு இயற்கை விதித்த எல்லை எதுவும் இல்லை.

இக்காலத்தில் அவன் உள்ளத்தை வருத்துவது யாது? நட்டம் என்றே எவரும் விடை கூறுவர். ஜோன் கோட்ஸ் என்பவர் முன்னர் நியூயோர்க்கின் வால் வீதியில் இத்தொழிலைத் தாமே செய்தவர். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளரானார். அவரும் ஜோ ஹேர்பேட் என்பாரும் இலண்டன் வர்த்தகர் 17 பேரின் உமிழ்நீரை 8 வேலைநாட்கள் தொடர்ந்து சோதித்து, முடிவுகளை 2008 இல் வெளியிட்டனர். மனநெருக்கடியின்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் விடுக்கும் கோர்ட்டிசோல் என்னும் ஓமோன், சந்தையின் தளம்பல் மிகுந்தபோதே உயர்ந்தது. அடுத்து என்ன நேருமோ என்று அறியாத நிலையே உடலை வாட்டியது என்பது இதனால் தெரிகின்றது. நட்டம் வந்து சேர்ந்தபின் அழலாம், உறங்கலாம். வருமோ வராதோ என்றிருப்பவனுக்கு அவ்வாறுதலும் இல்லை.

பொருளியல் பயிலும் மாணவர் அறியவேண்டிய பிறிதொன்றும் உண்டு. டானியல் கானெமன், ஆமோஸ் துவெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவரும் 1979 இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு தொகையை இழக்கும் துன்பம் அதே தொகையைப் பெறும் இன்பத்திலும் பெரிது என்று காட்டினர். இழப்பை ஒப்புக்கொள்வது அத்துணைக் கொடிது ஆதலால், மனிதன் அதனைத் தள்ளிப்போடுகின்றான். விற்காதவரை அது நட்டமன்று என்பது அவனுடைய வாதம். ஏறிய பங்கையோ, கைக்கு வந்தது நழுவிவிடுமென அஞ்சி விரைந்து விற்றுவிடுகின்றான். அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்த ரெறன்ஸ் ஓடியன், 1998 இல் இதனையே கண்டார். அவர்கள் விற்றுவிட்ட பங்குகள், விற்காது கட்டிக்காத்த பங்குகளிலும் பின்னர் நன்றாகவே ஏறின என்பது இதிலுள்ள வேடிக்கை.

இம்மனநிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 1762 இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கிக்காக நிக் லீசன் என்னும் இளைஞர் அங்கே யப்பானியப் பங்குச் சுட்டெண்ணின் மீது பேரம் செய்துவந்தார். நட்டங்களை அவர் 88888 என்ற இலக்கமுடைய கணக்கில் மறைத்தார். (எட்டு, சீனருக்கு அதிர்ஷ்ட எண்.) 1994 முடிவில் மறைந்திருந்த நட்டம் ஏறத்தாழ 20 கோடி பவுண். 1995 ஜனவரி 17 இல் கோபே நகரைப் பூகம்பம் தாக்கியது. 23 ஆம் திகதி ஒரே நாளில் சுட்டெண் 1,000 புள்ளிகளுக்கு மேல் வீழ்ந்தது. அவரோ விற்று வெளியேறாமல், மீளும் மீளும் என்று மேலும் வாங்கினார். இவ்வகைப் பேரத்தில் விலை வீழும் ஒவ்வொரு நாளும் சந்தைக்கு ஈட்டுப்பணம் கட்ட வேண்டும். ஆகையால் முடியாத பேரம் கடன்காரனைப் போல நாள்தோறும் வாயிலில் வந்து நின்றது. இலண்டன் தலைமையகமும் கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பியது. அதுவே நமக்குப் பெருவியப்பு. பெப்ரவரி 23 இல் மன்னிப்புக் கோரும் சிறு குறிப்பொன்றை வைத்துவிட்டு லீசன் ஊரை விட்டோடினார். நட்டம் 82 கோடி பவுணுக்கும் மேல். ஒல்லாந்து நிறுவனமொன்று ஒரு பவுண் கொடுத்து அவ்வங்கியை வாங்கியது. லீசனுக்கு ஆறரை ஆண்டுச் சிறை கிடைத்தது.

முன்னாளில் விலையை மறுநாட் பத்திரிகையில் பார்த்தோம். இன்று நம் இளைஞர் உணவுண்ணும்போதும் படுக்கையிலும் கைத்தொலைபேசியில் பார்க்கின்றனர். பங்கு விலை ஆண்டுக்கணக்கில் ஏறினாலும், நாட்கணக்கில் ஏறக்குறையப் பாதி நாட்கள் இறங்கவே செய்யும். ஆகையால் அடிக்கடி பார்ப்பவன் அடிக்கடி நோகின்றான். மகன் ஏன் சோற்றைப் பிசைந்தபடி இருக்கின்றான் என்று தாய்க்குத் தெரிவதில்லை.

இன்ன விலைக்கு இறங்கினால் விற்றுவிடுக என்று, வாங்கும் நாளிலேயே, மனம் தெளிவாயிருக்கும்போது தரகருக்குக் கட்டளையிட்டு வைக்கும் முறை ஒன்று உண்டு. நல்ல முறையே. ஆனால் விலை அவ்வெல்லையை நெருங்கும் வேளையில், தரகரை அழைத்து எல்லையை இன்னும் சற்றுக் கீழே தள்ளி வைப்பாரும் பலர்.