இணையம் போயிற்று, போனது எது?

"நெட் போய்விட்டது" என்ற குரல் எழாத வீடு இன்று அரிது. போனது எது என்று கேட்டால் மட்டும் விடை வராது. ரூட்டரை அணைத்துப் போடுவதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். பாதி நோய் அதிலேயே தீர்ந்தும் விடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. தீராத மறுபாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு ஒரு நாள். என் தங்கையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திற்கு அதுவே கடைசி நாள். நள்ளிரவோடு வாயில் அடைபட்டுவிடும். மணி ஒன்பதரை. மூன்று பக்கங்களை நிரப்பி, வருமானச் சான்றிதழை ஏற்றப்போகும் வேளையில் திரை வெளுத்து நின்றுவிட்டது. எங்கள் இருவர் கைப்பேசியிலும் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. இணைப்புத் தந்த நிறுவனத்தாரை அழைத்தோம். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். மூன்று முறை செய்தாயிற்று. தங்கையின் கண்களில் நீர் முட்டியது.

அதன் பிறகே நான் முறையாகத் தேடத் தொடங்கினேன். முதலில் விளக்குகள். கண்ணாடி இழை இணைப்புப் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய சிறு விளக்கு ஒன்று உண்டு. அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள்; இழை எங்கோ மடிந்தோ அறுந்தோ கிடக்கிறது; நம்மால் ஆவதொன்றுமில்லை. எங்கள் பெட்டியில் அது எரியவில்லை. அடுத்து, கணினியின் முகவரி. வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் ரூட்டர் ஓர் எண்ணை வழங்குகிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் எண் தராததால் கணினி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். எங்களுக்கு எண் சரியாகவே இருந்தது.

பிறகு 'பிங்'. இது 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலி அனுப்பி எதிரொலி கேட்பார்கள் அல்லவா, அந்த ஓசையின் பெயரைத்தான் இதற்கும் வைத்தார். கணினியின் கறுப்புத் திரையில் 'பிங்' என்று தட்டி, பக்கத்தில் 8.8.8.8 என்ற எண்ணை இட்டேன். அது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுவில் நடத்திவரும் சேவையின் முகவரி. மறுமொழி உடனே வந்தது! அப்படியானால் இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது. எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைத் தட்டினேன். மறுமொழி இல்லை.

இங்கேதான் சூட்சுமம். இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. நாமோ பெயரால் அழைக்கிறோம். தொடக்கக் காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பேணப்பட்ட ஒரே பட்டியலில் அடங்கியிருந்தன. பட்டியல் பெருத்துக் கட்டுக்கடங்காமல் போகவே, பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் பரவலான ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தளித்தார். அதுவே டி.என்.எஸ். எங்கள் வீட்டில் சாலை நன்றாக இருந்தது. வழி சொல்பவரைத்தான் காணவில்லை.

வழி சொல்பவர் யார்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவரை அமர்த்தியவன் நானே. அதற்கும் சில மாதங்களுக்கு முன், தேர்வு நுழைவுச்சீட்டு எடுக்கப்போன தங்கை, 'பதிவிறக்கு' என்று பச்சையாக மின்னிய பொத்தானை அழுத்திவிட்டாள். அது விளம்பரம். ஏதோ ஒரு வேண்டாத நிரல் கணினியில் குடியேறி, அதைத் துரத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் செலவாயிற்று. 1994இல் ஹாட்வயர்டு தளத்தில் பட்டை விளம்பரம் தலைகாட்டியபோது அது வெறும் பட்டையாகத்தான் இருந்தது. இன்று அது வேடமும் கட்டுகிறது. எனவே 'ராஸ்பெரி பை' எனும் உள்ளங்கையளவு கணினியில் 'பை-ஹோல்' என்ற இலவச மென்பொருளை நிறுவி, பெயர் கேட்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்திருந்தேன். சாதாரணப் பெயர் என்றால் அது வெளியே விசாரித்து எண்ணைச் சொல்லும். விளம்பரக் கிடங்கின் பெயர் என்றால் 0.0.0.0 என்று கையை விரித்துவிடும். விளம்பரம் வந்து இறங்குவதே இல்லை, டேட்டாவும் மிச்சம்.

அந்தக் குட்டிக் கணினி கூடத்து மூலையில் இருந்தது. போய்ப் பார்த்தேன். அதன் பிளக் பிடுங்கப்பட்டிருந்தது; அவ்விடத்தில் கிரைண்டரின் பிளக். அம்மா தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார்! ஒருமுறை கேட்ட எண்ணைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். கிரைண்டர் ஓடத் தொடங்கியவுடனே பக்கம் நின்றுவிடாமல் போனது அதனால்தான். எங்களுக்குச் சந்தேகம் எழாததும் அதனால்தான்.

மாவு பாதியில் நிற்க வேண்டாமென்று, தங்கையின் கணினியில் மட்டும் டி.என்.எஸ். முகவரியை 8.8.8.8 என்று மாற்றினேன். பக்கம் திறந்தது. பத்தே காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டிற்கு எல்லையும் உண்டு. யூடியூபில் படமும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருவதால், பெயரை வைத்துப் பிரிக்க இயலாது. அதற்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 'யூபிளாக் ஆரிஜின்' போன்ற துணைநிரலே கைகொடுக்கும். விளம்பர வருவாயில் பிழைக்கும் நல்ல செய்தித்தாள்களின் தளங்களை நான் துணைநிரலில் விலக்கி வைத்திருக்கிறேன். அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டுமே.

"இரண்டாவது டி.என்.எஸ். முகவரியாக 8.8.8.8-ஐயும் ரூட்டரில் எழுதிவிடேன், இனி இந்தத் தொல்லை வராதே" என்று விடுதி நண்பர் ஒருவர் யோசனை கூறினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவிகள் முதலாமவரிடம்தான் கேட்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாமவரிடமும் தாராளமாகக் கேட்கும். விளம்பரங்கள் அவ்வழியே உள்ளே வந்துவிடும். ஆகவே இரண்டாவது எண்ணை நான் எழுதவில்லை. அம்மாவின் கிரைண்டருக்குச் சமையலறையில் தனியாக ஒரு பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்துவிட்டோம்.