கொழிஞ்சாம்பாறையைத் திரையில் எழுதுவது யார்?

மென்பொருளின் ஐகானைத் தட்டியதிலிருந்து அது திறக்கும்வரை ஒன்றிரண்டு விநாடிதான். அதற்குள் திரைக்குப் பின்னால் நடக்கிற ஓட்டமும் தேடலும் இருக்கிறதே, அடடா! உள்ளே எட்டிப் பார்க்கலாம், வாருங்கள்.

பாலக்காட்டின் சித்தூர் பக்கமும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பள்ளிக் கணினியை வைத்தே பார்ப்போம். கேரளப் பள்ளிகளில் 2001-இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. 2017-இல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் உருவாக்கிய லினக்ஸ்தான் பள்ளி லேப்களில் ஓடுகிறது.

லினக்ஸ் கணினி ஒன்றில் டெர்மினலைத் திறந்து ‘எல்டிடி’ என்று தட்டி, படம் திருத்தும் ஜிம்ப் நிரல் இருக்கும் இடத்தைக் கொடுங்கள். மளமளவென்று ஒரு பட்டியல் இறங்கும்! அத்தனையும் லைப்ரரிகள், அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்புகள். ஜிம்ப், ஜன்னலும் பொத்தானும் வரையும் ஜிடிகேவைக் கேட்கிறது. ஜிடிகே, எழுத்துவரிகளை அடுக்கும் பாங்கோவைக் கேட்கிறது. பாங்கோ ஹார்ஃப்பஸ்ஸைக் கேட்கிறது. நிரல் எழும்போது லோடர் என்ற இயங்குதளப் பகுதி ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து நினைவகத்தில் சேர்க்கிறது. ஒன்று கிடைக்காவிட்டாலும் ஜன்னல் திறக்காது. விண்டோஸில் ‘விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை’ என்று வருமே, அதுவும் இதே கதைதான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். சித்தூர் பக்கத்து ஊரான கொழிஞ்சாம்பாறையின் பெயரைத் தட்டுங்கள். கணினி சேமிப்பது முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னால் தாவ வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். அந்தத் தாவலை நடத்துவது ஹார்ஃப்பஸ்! இப்படி எழுத்தைக் கோக்கும் லைப்ரரி எதுவும் இல்லாத மென்பொருளில் ஊர்ப்பெயர் சிதறிவிடும். தேவிகுளத்தின் இரட்டைக்கொம்பும் ‘த’வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். லிப்ரெஆபிஸ் 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ்ஸையே நம்பியிருக்கிறது. கூடவே தமிழ் எழுத்துருவும் வேண்டும். மீரா இனிமை என்ற அழகான தமிழ் எழுத்துருவைத் தந்தது ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத் தன்னார்வக் குழு. எத்தனை மகிழ்ச்சி!

இந்த லைப்ரரிக் கூட்டத்தைப் பள்ளிக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி? உபுண்டுவில் மென்பொருளை நிறுவ உதவும் ‘டெப்’ கோப்பு தனக்கு வேண்டியவற்றின் பெயர்களை மட்டும் சொல்லும். பெரும்பாலும் லைப்ரரிகளைச் சுமந்து வராது. நெட் இல்லாத லேபுக்குப் பென்டிரைவில் அதை மட்டும் கொண்டுபோனால், டிபெண்டென்சி குறைகிறது என்று பாதியில் நின்றுவிடும். எல்லாவற்றையும் நிரலோடு ஒரே ஃபோல்டரில் கட்டிக்கொடுக்கலாம்; எளிதுதான். ஆனால் ஒரு லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வந்தால், அதைக் கட்டிவைத்த ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியே திருத்த வேண்டும். 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்ற லைப்ரரியின் ஓட்டை உலகையே அப்படித் தேட வைத்தது. பள்ளிகளுக்கு, மென்பொருளும் லைப்ரரியும் எழுத்துருவும் சேர்த்துச் சோதித்த முழு இயங்குதளமாகத் தருவதே சிறந்த வழி என்பேன்.

மென்பொருள் எழுதுகிறவர்களே, உங்கள் கணினியில் ஓடுகிறது என்று அனுப்பிவிடாதீர்கள். புதிதாக இயங்குதளம் நிறுவிய கணினியில், நெட்டைத் துண்டித்து, தமிழில் நாலு வரி தட்டிப் பார்த்து அனுப்புங்கள்.