சிரிக்கும் முகங்களும் கருந்துளைச் சூரியனும்

வெயில் பளிச்சென்று அடிக்கும் ஓர் அமெரிக்கக் குடியிருப்பு. வீடுகளுக்கு முன்னால் சீராக வெட்டிய பசும்புல் தரை. தெருவில் இருப்போரும் வீட்டில் இருப்போரும் சிரித்த முகமாகவே இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால்தான் ஏதோ கோளாறு என்பது புலப்படுகிறது. இறைச்சி வாட்டும் கம்பியில் ஒரு பொம்மை செருகப்பட்டு நெருப்பின்மேல் சுழல்கிறது. ஒரு சிறுமியின் வாயிலிருந்து ஐஸ்கிரீம் வழிந்துகொண்டே இருக்கிறது. சிரிப்புகள் நிற்பதில்லை, அகன்றுகொண்டே போகின்றன. வாய் காதை நோக்கி நீள்கிறது. கண்கள் முட்டை முட்டையாகப் பிதுங்குகின்றன. இறுதியில் வானத்துச் சூரியன் கருத்துப்போய்ச் சுழலத் தொடங்க, சிரித்த மனிதர்கள் தரையிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டு வானில் மறைகிறார்கள்.

இது பேய்ப்படம் அன்று. சவுண்ட்கார்டன் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிளாக் ஹோல் சன்’, அதாவது ‘கருந்துளைச் சூரியன்’ என்ற பாட்டுக்காக எடுக்கப்பட்ட ஐந்து நிமிடச் சொச்சப் படம். இயக்கியவர் ஹோவர்டு கிரீன்ஹால். அவ்வாண்டே எம்.டி.வி. தொலைக்காட்சியின் பரிசு இப்படத்துக்கும், 1995இல் கிராமி விருது பாட்டுக்கும் கிடைத்தன.

படத்தில் பேய் இல்லை, இரத்தம் இல்லை, இருட்டுகூட இல்லை. எல்லாம் பட்டப்பகலில் நடக்கிறது. ஆனாலும் பார்ப்பவரின் முதுகு சில்லிடுகிறது. அமைதியான சிற்றூர், இனிமையான மக்கள், ஆனால் அவர்கள் மனிதர்கள்தாமா என்ற ஐயம்: இது அமெரிக்கத் திகில் படங்களின் பழைய உத்தி. 1956இல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தில் ஊராரின் உருவத்தில் உணர்ச்சியற்ற போலிகள் நடமாடுவார்கள். கிரீன்ஹாலின் படமும் அந்த வழியில் வந்ததே.

இப்படத்தில் இரண்டு அச்சங்கள் உள்ளன. ஒன்று முகம் பற்றியது. மற்றொன்று சூரியன் பற்றியது. முதல் அச்சத்துக்கு நம் மூளையிலேயே அடிப்படை இருக்கிறது. இரண்டாவது அச்சத்துக்கு வானத்தில் அடிப்படை இல்லை. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிரிப்பு ஏன் அச்சுறுத்துகிறது?

சிரிப்பில் இரண்டு தசைகளுக்குத் தனிப் பங்கு உண்டு. ஒன்று, கன்ன எலும்பிலிருந்து உதட்டின் ஓரத்துக்கு வருவது. இது வாயின் ஓரங்களை மேலே இழுக்கிறது. மற்றொன்று, கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்தது. இது கன்னத்தை உயர்த்திக் கண்ணைச் சற்றே சுருக்குகிறது. 1862ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முகத்தசைகளில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி ஆராய்ந்து ஓர் உண்மையைக் கூறினார். முதல் தசையை நாம் விரும்பியபடி இயக்கலாம். இரண்டாவது தசையோ உண்மையான மகிழ்ச்சியின்போதுதான் எளிதில் இயங்கும். புகைப்படக்காரர் ‘சிரியுங்கள்’ என்றதும் நாம் வரவழைக்கும் சிரிப்பு பெரும்பாலும் வாயோடு நின்றுவிடுவது இதனால்தான்.

உண்மைச் சிரிப்பில் வாய் விரியும்போது கண் சுருங்க வேண்டும். கிரீன்ஹாலின் படத்திலோ வாய் விரிய விரியக் கண்ணும் விரிகிறது. விழியைச் சுற்றி வெள்ளை தெரிகிறது. இயற்கையில் மனிதனின் கண் அப்படித் திறப்பது எப்போது? பேரச்சத்தின்போது. 2004இல் பால் வேலன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். அச்சத்தில் விரிந்த கண்களின் வெள்ளைப் பகுதியை மட்டும், ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் காட்டினார்கள். பார்த்தவர்களால் தாம் கண்டது இன்னதென்று சொல்ல முடியவில்லை. ஆனால், அவர்களுடைய மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவில் உள்ள அமிக்டலா என்ற பகுதி தூண்டப்பட்டது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதிகளில் அது முக்கியமானது.

ஆகவே அந்தக் குடியிருப்பு மக்களின் வாய் ‘மகிழ்ச்சி’ என்கிறது. அவர்களுடைய கண் ‘ஓடிவிடு’ என்கிறது. ஒரே முகத்திலிருந்து எதிரெதிரான இரண்டு செய்திகள். படத்தின் திகில் முழுவதும் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வாயை மட்டும் பெரிதாக்கியிருந்தால் அது கோமாளிப் படமாகியிருக்கும்.

முகத்தில் ஏற்படும் சிறு பிசகைக்கூட மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூளையின் பொட்டு மடலுக்கு அடிப்புறத்தில் முகங்களைப் பார்க்கும்போது மிகுதியாக வேலை செய்யும் ஒரு பகுதி இருப்பதை 1997இல் நான்சி கான்விஷர் குழுவினர் விளக்கினர். நாற்காலியையோ மரத்தையோ பார்ப்பதுபோல் நாம் முகத்தைப் பார்ப்பதில்லை. கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடைவெளிகளை ஒரு முழு அமைப்பாகவே அளந்துகொள்கிறோம். அதுவும் நேராக நிற்கும் முகத்தில்தான். இதை நீங்களே செய்து பார்க்கலாம். செய்தித்தாளில் ஒரே முகப்படம் உள்ள இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து கண்களையும் வாயையும் வெட்டி, மற்றதன்மேல் அதே இடங்களில் தலைகீழாக ஒட்டுங்கள். இப்போது முழுப் படத்தையும் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பெரிய குறை தெரியாது. நேராகத் திருப்புங்கள், கோரமாகிவிடும்! 1980இல் இதைக் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சன். அவர் எடுத்துக்கொண்டது அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படம். அதனால் இதற்குத் ‘தாட்சர் விளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது, 1970இல் ஜப்பானிய எந்திரமனித வல்லுநர் மசாஹிரோ மோரி எழுதிய ஒரு கருத்து. எந்திரமனிதன் மனிதனைப்போல் ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடும். ஆனால் ஏறத்தாழ மனிதன் போலவே ஆகி, ஏதோ கொஞ்சம் குறையும் கட்டத்தில் அப்பிரியம் சட்டென்று அருவருப்பாகச் சரிந்துவிடும் என்றார் அவர். இச்சரிவை அவர் ஒரு பள்ளத்தாக்காக வரைந்து காட்டினார். பாட்டுப்படத்தின் முகங்கள் அந்தப் பள்ளத்தின் அடியில் குடியிருப்பவை.

அம்முகங்கள் கணிப்பொறியால் திரிக்கப்பட்டவை. நடிகர்களை வைத்து முதலில் சாதாரணமாகவே படம்பிடித்தார்கள். திரிபுகள் பிறகு சேர்க்கப்பட்டன. இதன் தத்துவம் எளிது. ஒரு ரப்பர் தாளில் முகத்தை வரைந்து, அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். வாயோரத்தில் உள்ள கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் அக்கட்டம் நீளும். அண்டைக் கட்டங்கள் சிறிது சிறிதாக வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர வேண்டும் என்பதைக் கணிப்பொறி கணக்கிட்டு வண்ணத்தை நிரப்புகிறது. நொடிக்கு 25 அல்லது 30 படங்கள். ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட ஒரு மயிரிழை அதிகமான இழுப்பு. திடீரென்று மாறினால் சிரித்துவிடுவோம். மெதுவாக மாறுவதால், எப்போது பிசகியது என்றே தெரியாமல் மாட்டிக்கொள்கிறோம்.

காற்று பாடும் குழல்கள்

பாட்டின் ஒலியையும் கொஞ்சம் கவனிப்போம். இக்குழு 1984இல் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் தோன்றியது. கிட்டார் வாசித்த கிம் தயில், கேரளத்திலிருந்து சென்று குடியேறிய பெற்றோரின் மகன். குழுவின் பெயர் அந்நகர ஏரிக்கரையில் உள்ள ஒரு சிற்பத்திலிருந்து வந்தது. டக்ளஸ் ஹாலிஸ் என்ற கலைஞர் 12 எஃகுக் கோபுரங்களின் உச்சியில் குழல்களைப் பொருத்தி அமைத்த ‘ஒலித் தோட்டம்’ அது. காற்று குழல் வாயின் குறுக்கே வீசும்போது உள்ளிருக்கும் காற்றுத் தம்பம் அதிர்ந்து ஊதுகிறது. ஒரு முனை மூடிய 1 மீட்டர் குழல் நொடிக்கு ஏறத்தாழ 85 அதிர்வுகள் தரும். குழல் நீண்டால் ஒலி தாழும்.

கிட்டாரின் மிகத் தடித்த கம்பியும் ஏறத்தாழ இதே அளவில்தான் ஒலிக்கிறது: நொடிக்கு 82.4 அதிர்வுகள். இப்பாட்டில் அக்கம்பியைத் தளர்த்தி 73.4 அதிர்வுகளுக்கு இறக்கியிருக்கிறார்கள். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்குமாதலால், இதற்கு இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டியிருக்கும். பாட்டின் அடியில் கேட்கும் கனத்த உறுமல் இதனால் வந்தது.

மேலே கேட்கும் நீர்மேல் மிதப்பது போன்ற நடுக்கத்துக்குக் காரணம் வேறு. கிட்டாரின் ஒலியை லெஸ்லி ஒலிபெருக்கி வழியே செலுத்தினார்கள். முதலில் ஆர்கன் வாத்தியத்துக்காக உருவான இப்பெட்டிக்குள் ஒலியை வெளிவிடும் பாகம் சுழன்றுகொண்டே இருக்கும். ஒலிவாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி சற்று ஏறும், விலகும்போது இறங்கும். இரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடந்து போகையில் நிகழும் டாப்ளர் விளைவுதான் இது. சுழலும் விளிம்பின் வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்று கொண்டால், நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலியில் அது 2 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட ஏற்ற இறக்கத்தைத் தரும். இசையின் தரை நிலையாக இல்லை என்று காதுக்குத் தோன்ற அதுவே போதும்.

சூரியன் கருந்துளையானால்?

பாட்டை எழுதிப் பாடியவர் கிறிஸ் கார்னெல். தொலைக்காட்சிச் செய்தியில் யாரோ சொன்னதைத் தவறாகக் காதில் வாங்கியதால் இத்தலைப்பு தோன்றியது என்றும், ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வீட்டுக்குக் காரோட்டி வரும் வழியிலேயே பாட்டை மனத்தில் அமைத்துவிட்டதாகவும் அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். வானியல் பாடம் நடத்துவது அவருடைய நோக்கமன்று. ஆனால் கருந்துளை என்றால் அண்டத்தையே உறிஞ்சும் அசுரக் குழாய் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மாணவர்களிடமும் இருக்கிறது. அதனால் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

சூரியனின் ஆரம் ஏறக்குறைய 7 லட்சம் கிலோமீட்டர். அதன் பொருள் முழுவதையும் 3 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டைக்குள் அமுக்கினால்தான் அது கருந்துளையாகும். அப்படி அமுக்கும் அளவுக்குச் சூரியனிடம் நிறை இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துமுடித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்ற 19 வயது இளைஞர் எஸ். சந்திரசேகர், அப்பயணத்திலேயே இதற்கான முதல் கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எஞ்சிய உடல், சூரிய நிறையைப்போல் 1.4 மடங்குக்குள் இருந்தால் வெண்குள்ளனாக அடங்கிவிடும். அதற்கு மிஞ்சினால் மேலும் சுருங்கும். எஞ்சிய நிறை 2 அல்லது 3 மடங்கையும் தாண்டினால் சுருக்கத்தைத் தடுக்க நாம் அறிந்த விசை எதுவும் இல்லை. நம் சூரியன் இன்னும் 500 கோடி ஆண்டுகள் கழித்துச் செம்பூதமாக உப்பி, பிறகு வெண்குள்ளனாகும். சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஏதோ மாயத்தால் சூரியன் இந்த நொடியே அதே நிறையுள்ள கருந்துளையாக மாறிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். நாம் உறிஞ்சப்படுவோமா? மாட்டோம். ஈர்ப்புவிசை நிறையையும் தொலைவையும் மட்டுமே பொறுத்தது. இரண்டும் மாறவில்லை. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் பூமி, நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், அதே பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு அதே 365 நாள்கள்தாம்.

வானில் சுழலும் கரிய வட்டமும் தெரியாது. 600 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். 8 நிமிடம் 20 நொடி வரை ஒன்றுமே நேராது. அதன்பின் வெளிச்சம் அணையும். நிலவும் அணையும், அது இரவல் ஒளிதானே. நண்பகலில் விண்மீன்கள் தோன்றும். பூமி மெதுவாகக் குளிரத் தொடங்கும். கடலின் மேற்பரப்பு உறையும். ஆழத்தில் மட்டும் நெடுங்காலம் நீர் நீராக இருக்கும். சூறாவளி இல்லை, கூச்சல் இல்லை. படத்தில் உள்ளதைவிட இதுவே எனக்குப் பெரிய திகிலாகத் தோன்றுகிறது.

உடல் நீண்டு கிழிவது முற்றிலும் பொய்யா? இல்லை, ஆனால் அதற்கு மிக அருகில் போக வேண்டும். அந்தக் கருந்துளையிலிருந்து 1,000 கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் காலை அதன் பக்கம் நீட்டி இருந்தால், அவருடைய காலை இழுக்கும் விசைக்கும் தலையை இழுக்கும் விசைக்கும் உள்ள வேறுபாடு பூமியின் ஈர்ப்பைப்போல் சுமார் 45 மடங்காகும். அது உடலை நெடுக்கில் இழுத்து, பக்கவாட்டில் நசுக்கும். கிரீன்ஹாலின் முகங்கள் பக்கவாட்டில் அகல்கின்றன. கணிப்பொறி, இயற்பியலைக் கேட்காமல் இழுத்துவிட்டது போலும்!

கார்னெல் 2017ஆம் ஆண்டு மே 18 அன்று, 52ஆம் வயதில் மறைந்தார். மூன்று மாதம் கழித்து ஆகஸ்டு 21 அன்று அமெரிக்காவின் குறுக்கே, ஆரிகன் மாநிலம் முதல் தென் கரோலினா வரை, முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று பலர் இந்தப் பாட்டைத் தேடிக் கேட்டார்கள். தலைக்கு மேலே உண்மையாகவே ஒரு கரிய சூரியன். சுற்றிலும் வெண்ணிற ஒளிவட்டம். பகலில் வெள்ளிக் கோள். நிலவின் நிழல் அவர்களைக் கடந்து கிழக்கே போயிற்று. எந்த ஊரிலும் அது 2 நிமிடம் 40 நொடிக்குமேல் நிற்கவில்லை.